ஆர்தரின் இரண்டாம் பாதி

1

டேனிஷ் மொழியில் தொண்ணூறு என்று சொல்வதற்கு ஐந்திலிருந்து அரையைக் கழித்து, வருவதை இருபதால் பெருக்க வேண்டும். நம்பாதவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். ஐம்பதுக்கும் எழுபதுக்கும்கூட இதே கூத்துத்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். ஓடியவனை இந்த நாடு முப்பது வருடத்துக்கு மேலாக, கடைக்குப் போகும்போதெல்லாம் பிடித்து வைத்துக் கணக்குப் படிப்பிக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வசந்தத்தில் ஆர்தருக்குத் தொண்ணூறு வயதானது. "நான் நடந்து வந்து தொண்ணூறைத் தொடேல்லை. இவங்கள் பெருக்கித்தான் என்னைக் கொண்டுவந்து விட்டவங்கள்" என்பது அவருடைய கட்சி.

ஆர்தர் ஓர் ஆங்கிலேயர். இசையமைப்பாளர். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் உடனே சினிமாவை நினைக்க வேண்டாம். இதில் பாட்டு இல்லை, பாடுபவர் இல்லை, ஆடுபவரும் இல்லை. கறுப்பு உடுப்புப் போட்ட ஒரு கூட்டம் வாசிக்க, மற்றக் கூட்டம் இருமலை அடக்கிக்கொண்டு கேட்கும் சங்கீதம். அதை எழுதுகிறவர் அவர். காலையில் அவரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறவன் நான்.

நாங்கள் இருவரும் டென்மார்க்கின் மேற்கு யூலண்டில் உள்ள ஹொல்ஸ்டெப்ரோ என்ற ஊருக்கு வந்து சேர்ந்தவர்கள். அவர் ஒரு பெண்ணின் பின்னால் வந்தார். நான் ஒரு பன்றி இறைச்சித் தொழிற்சாலையின் பின்னால் வந்தேன். அதற்கு முன்னர் மொஸ்கோவில் ஒரு குளிர்காலம், கிழக்கு பெர்லினில் ஒரு நிலக்கீழ் அறை, பிறகு கடலோரத்தில் ஓர் அகதி முகாம். மீன் பெட்டி கழுவினேன். மிங்க் பண்ணையில் நின்றேன். மிங்க் என்பது மென்மயிர்த் தோலுக்காக வளர்க்கிற, நம் கீரிப்பிள்ளையின் பணக்காரச் சொந்தக்காரன், கடித்தால் விடாது. கடைசியில் தோள்மூட்டுப் பழுதாகி, பன்றி தூக்க ஏலாது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார். பன்றி தூக்க ஏலாதவன் ஆட்களைத் தூக்கலாம் என்று நகரசபை முடிவு செய்து, என்னை முதியோர் பராமரிப்பு வேலைக்கு அனுப்பியது. அந்த முடிவில் உள்ள நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் தோள் இப்போது பரவாயில்லை.

எழுதுவதற்கு ஆர்தரிடம் அனுமதி கேட்டேன். தந்தார். "ஆனா என்ர குடும்பப் பேரைப் போடாதை. இங்கிலாந்திலயே ஒருத்தருக்கும் தெரியாத பேர் யாழ்ப்பாணத்தில தெரிய வந்தா, அவங்களுக்கு மரியாதையில்லை."

ஒரு விசயம். நானும் அவரும் டேனிஷில்தான் கதைப்போம். அவருடைய டேனிஷுக்குள் ஆங்கிலம் நடக்கும், என்னுடையதுக்குள் தமிழ் நடக்கும். கேட்டுக்கொண்டிருக்கிற டேனிஷ்காரருக்குத்தான் விளங்காது, எங்களுக்கு நன்றாக விளங்கும். அந்த மொழியில் எல்லோருக்கும் ஒரே 'நீ'. தமிழில் எழுதும்போது தொண்ணூறு வயது மனிதரை 'நீ' என்று எழுதக் கை வரவில்லை. ஆகவே இங்கே அவரை ஒரு யாழ்ப்பாணத்தாராக்கி, நானும் கொஞ்சம் மரியாதை தெரிந்தவனாகியிருக்கிறேன்.

2

எங்கள் வேலையில் ஒவ்வொன்றுக்கும் நேரம் உண்டு. நகரசபை கையில் ஒரு சின்னத் திரையைத் தந்திருக்கிறது. குளிப்பாட்ட இவ்வளவு, மருந்து கொடுக்க இவ்வளவு, கஞ்சிக்கு இவ்வளவு என்று அதில் வரும். முடித்ததும் விரலால் அமத்த வேண்டும். கதைப்பதற்கு மட்டும் நேரம் ஒதுக்கப்படவில்லை.

ஆனால் ஆர்தருக்கு இறுக்கக் காலுறை உண்டு. இரத்த ஓட்டத்துக்காக முழங்கால் வரை போடுகிற காலுறை. அதைப் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மலைப்பாம்புக்குள் ஒருவரின் காலை விடுவது மாதிரி. எவ்வளவு நேரம் எடுத்தாலும் அலுவலகத்தில் ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள், ஏனென்றால் அவர்களும் போட்டுப் பார்த்தவர்கள். ஆகவே நாங்கள் காலுறை நேரத்தில் கதைத்தோம். மேற்கு யூலண்டிலேயே காலுறை போடுவதில் நான்தான் ஆகப் பிந்திய ஆள் என்று பெயர் வந்திருக்கலாம். ஆர்தரின் வாழ்க்கை வரலாறு எனக்குக் கால் காலாகத்தான் கிடைத்தது.

இடது காலில் பிள்ளைப்பருவம். கிழக்கு இங்கிலாந்தில், கடலோரச் சதுப்பு நிலத்தின் பக்கத்தில், ஒரு சின்ன ரயில் நிலையம். தகப்பன் கைகாட்டி மரம் இழுக்கிறவர். வீட்டில் குளிர். பக்கத்துச் சிற்றாலயத்தில் மட்டும் அடுப்பு எரியும், அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பியானோ. "நான் சங்கீதத்துக்குப் போகேல்லை, சிவம். சூட்டுக்குப் போனனான். சும்மா இருந்தாக் கலைச்சுப்போடுவாங்கள் எண்டு வாசிச்சனான்."

வலது காலில் லண்டன். உதவிப்பணத்தில் படிப்பு. இருபத்தெட்டாவது வயதில், வயலின் குடும்பத்து வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற மாதிரி ஒரு பெரிய உருப்படி எழுதினார். பெயர் 'உப்புப் பாதை'. நான் ஆனையிறவு உப்பளத்தை நினைத்தேன். இல்லையாம், அவருடைய சதுப்பு நிலம். அங்கே கடல் வற்றின நேரத்தில் ஒரு பாதை தெரியும். மனிதன் ஒருவன் அதில் நடக்கிறான். பாதி வழியில் தண்ணீர் ஏறிவிடுகிறது. ஒரு மேட்டில் ஏறி நிற்கிறான். தண்ணீர் வற்றியதும் இறங்கி நடந்து மறுகரைக்குப் போகிறான். நடக்கும்போது வாத்தியங்கள் வாசிக்கும். மேட்டில் நிற்கும்போது ஒன்றும் வாசிக்காது. ஒரு நிமிடத்துக்கும் சற்று மேலாக ஒரு சத்தமும் இல்லை. பிறகு இரண்டாம் பாதி.

அந்த ஒரு நிமிடம்தான் ஆர்தரின் தொழிலைத் தின்றது.

லண்டனில் முதல் அரங்கேறியபோது வயலின்கள் மெல்ல மெல்ல அடங்கி நின்றன. மனிதன் மேட்டில் ஏறிவிட்டான். மேல்மாடியில் ஒருவர் கைதட்டினார். பிறகு மண்டபமே தட்டியது. நடத்துநர் கைதட்டலைக் கண்டால் தாங்காத ஆள். திரும்பிக் குனிந்து வணக்கம் வைத்தார், வாத்தியக்காரரை எழுப்பினார், எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். மனிதன் தண்ணீருக்கு நடுவில். அடுத்த நாள் பத்திரிகைகள் சுருக்கமான நல்ல படைப்பு என்று பாராட்டினவாம். அந்தப் பாராட்டைத்தான் ஆர்தரால் தாங்க முடியவில்லை.

இரண்டாவது முறை வானொலியில் நேரடி ஒலிபரப்பு. ஆர்தர் தாய் தகப்பனோடு வீட்டில் இருந்து கேட்டார். மௌனம் தொடங்கியது. நிலையத்தில் கடமையில் இருந்தவர் கம்பி அறுந்துவிட்டது என்று பயந்து, கைக்கு எட்டிய இசைத்தட்டைப் போட்டார். இராணுவ வாத்தியம். தகப்பன் மிகவும் சந்தோசப்பட்டாராம். "கடைசியில உனக்கொரு தாளம் பிடிபட்டிட்டுது" என்றாராம்.

பிறகு அவர் ஓபோ என்ற குழல் வாசிக்கும் ஒரு டேனிஷ் பெண்ணைக் கல்யாணம் செய்து இந்த ஊருக்கு வந்தார். சில வருடங்களில் மூன்றாவது முயற்சி, இங்கே யூலண்டில் ஒரு மண்டபத்தில். மௌனம் வந்தது. டேனிஷ்காரர் அடக்கமான சனம். கைதட்டவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பக்கத்து அறையிலிருந்து கோப்பி மணந்தது. பின்வரிசையில் இருந்து ஒருவர் எழும்பினார், பிறகு எல்லோரும். கடைசியில் வாத்தியக்காரரும் வில்லை வைத்துவிட்டுப் பின்னால் போனார்கள்.

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"நானும் போய் ஒண்டு குடிச்சன். நல்ல கோப்பி."

"அந்த மௌனத்தை எடுத்துப்போட்டா என்ன?"

காலை இழுத்துக்கொண்டார். அரைவாசி ஏறிய காலுறை பழையபடி பாதத்துக்கு வந்துவிட்டது. "எடுத்தா, அந்த மனிசன் தண்ணிக்குள்ளால நடக்க வேணும். செத்துப்போவான்."

அதற்குப் பிறகு ஒருவரும் அதைத் தொடவில்லை. ஆர்தர் இசைப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பியானோ படிப்பித்தார். செத்தவீடுகளில் ஓர்கன் வாசித்தார். வெண்ணெய் பற்றியும் பன்றிப் பண்ணைகள் பற்றியும் எடுத்த விளக்கப் படங்களுக்கு இசை போட்டார்.

"நான் பண்டியை வெட்டினன், நீங்கள் அதுக்கு இசையமைச்சனீங்கள்" என்றேன்.

"உன்ர வேலையைச் சனம் கடைசி மட்டும் ருசிச்சுது, சிவம்" என்றார்.

3

இந்த நாட்டில் பத்துப் பத்தாக வரும் பிறந்தநாள்கள் பெரிய விசயம். தொண்ணூறுக்கு என்ன செய்வது என்று ஊரில் யோசித்தார்கள். ஆர்தரிடம் பியானோ படித்த கேர்ஸ்டன் இப்போது நகரத்து இளைஞர் வாத்தியக் குழுவை நடத்துகிறார். 'உப்புப் பாதை'யைத் தேவாலயத்தில் முழுவதும் வாசிப்போம் என்றார்.

ஆர்தர் ஒத்திகைக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். லண்டனிலும் ஒத்திகையில் இரண்டாம் பாதியைத் துண்டு துண்டாகத்தான் கேட்டாராம். "இந்த முறை ஆக்களோட இருந்து கேக்க வேணும். இல்லாட்டிக் கேளாமலே போறன்."

அடுத்த நாள் காலுறை போடும்போது கேட்டார்:

"உன்ர ஆக்கள் எத்தினை குடும்பம் இந்த ஊரில?"

"ஏன்?"

"டேனிஷ்காரருக்கு என்ன செய்யிறதெண்டு தெரியாட்டி, ஆளையாள் பாப்பினம். பிறகு கோப்பிக்குப் போயிடுவினம். எனக்கு இருத்தினா இருக்கிற சனம் வேணும்."

"எங்கட ஆக்களோ? நடன அரங்கேற்றத்துக்கு மத்தியானம் வந்து இருந்தா, இருட்டுமட்டும் இருப்பினம். பிரதம விருந்தினர் பேச, சிறப்பு விருந்தினர் பேச, கௌரவ விருந்தினரும் பேச, ஒருத்தரும் அசையமாட்டினம்."

"இருமுவினமோ?"

"இருமுவினம். எழும்பிப் போகமாட்டினம். சாப்பாடு கடைசியிலதான் குடுக்கிறது."

அவர் சிரிக்கவில்லை. "எனக்குக் கைதட்டு வேண்டாம், சிவம். அந்த மனிசன் அறுபது வருசத்துக்கு மேல மேட்டில நிக்கிறான். ஒருக்கா அவனைக் கரை சேத்துப் பாக்க வேணும். அவ்வளவுதான்."

நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் இதைச் சொன்னதும் நிலா கரண்டியைக் கீழே வைத்தாள். நிலா என் மகள். அந்தக் குழுவில் வயலின் வாசிக்கிறாள். சின்ன வயதில் கர்நாடக சங்கீத வகுப்புக்கு அனுப்பினோம். பக்கத்து நகரத்திலிருந்து ரீச்சர் வருவார். இரண்டு வருடம் ஸ, ரி, க பாடிவிட்டு, தான் போக வேண்டிய இடம் வேறு என்று அவளே வழி பார்த்துக்கொண்டாள். கோடையோடு பள்ளிக்கூடம் முடித்து ஓகூஸ் நகரத்துக்குப் படிக்கப் போகிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்வாள். அதில் 'அப்பா' மட்டும் தமிழ்.

"வேண்டாம், அப்பா. நடுவில கைதட்டுவினம்."

"சொல்லிக் கூட்டிக்கொண்டு வருவன்."

"குணம் மாமா பேசுவார். ஆரோ கனடாவுக்கு வீடியோ எடுத்துக் காட்டுவினம். சின்னப் பிள்ளையள் நடுவால ஓடுங்கள்."

ஒவ்வொன்றும் உண்மை.

"நாலு மாசம் பழகியிருக்கிறம்" என்றாள். "ஆர்தருக்கு இன்னொரு முறை வராது. எங்கட ஆக்களால பிழைச்சுதெண்டா நான் எப்பிடி அங்க இருக்கிறது?"

அவள் 'எங்கட ஆக்கள்' என்று சொன்னதே எனக்குப் பெரிய விசயமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "ஒண்டும் பிழைக்காது" என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அடுத்து குணம் அண்ணையைப் பிடித்தேன். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். இருபது வருடமாக ஒரே தலைவர். அவர் இல்லாமல் நம் சனம் ஓரிடத்தில் சேராது. காரில் எந்த நேரமும் ஒரு பொன்னாடை மடித்து வைத்திருப்பார். வழியில் யாரையாவது கௌரவிக்க வேண்டி வரலாம்.

"மைக் இருக்குமோ?" என்றார் முதலில்.

"மைக் இல்லை, அண்ணை. பேச்சும் இல்லை."

"பேச்சில்லாம விழாவோ? விளக்கு?"

"மெழுகுதிரி அவங்களே கொளுத்துவாங்கள். நடுவில கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. அந்த நேரம் ஒருத்தரும் கைதட்டப்படாது, போகப்படாது. மௌனம். அதை மட்டும் வடிவாச் சொல்லிவிடுங்கோ."

"மௌனமோ? அது எங்கட ஆக்களுக்குச் சொல்லிக் குடுக்க வேணுமோ, தம்பி? அதை என்னட்டை விடு."

அன்று மாலை எல்லோருடைய கைபேசிக்கும் அவருடைய அறிவித்தல் வந்தது. நிகழ்வின் நடுவே மௌனம் கடைப்பிடிக்கப்படும், அனைவரும் ஒத்துழைக்கவும் என்று மேடைத் தமிழில் அழகாக எழுதியிருந்தார். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

4

ஞாயிறு பின்னேரம். மேற்கிலிருந்து வழக்கமான காற்று. பெண்கள் சேலைக்கு மேல் குளிர் அங்கியும், அதற்கு மேல் காற்றையும் போட்டுக்கொண்டு வந்தார்கள். குணம் அண்ணை கோட் சூட். பொன்னாடையைக் காரில் விட்டுவிட்டு வரச் சொன்னேன். முகம் சுருங்கியது, ஆனால் கேட்டார்.

டேனிஷ்காரர் தேவாலயத்தைக் கடைசி நீள வாங்கிலிருந்து நிரப்பிக்கொண்டு வருவார்கள். முன்னுக்கு இருக்க எல்லோருக்கும் கூச்சம். எங்கள் ஆட்கள் போய்ச் சேர மிஞ்சியிருந்தது முன்பக்கம் முழுவதும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே பலர் கல்யாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் தவிரத் தேவாலயத்துக்குப் போவதில்லை. எப்போது எழும்புவது, எப்போது இருப்பது என்று தெரியாது. முன்வரிசையைப் பார்த்துத்தான் செய்வார்கள். வேலை நிமித்தம் எத்தனையோ செத்தவீடுகளுக்குப் போயிருக்கிறேன், இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை.

ஆர்தரின் சக்கர நாற்காலியை ஆகமுன்னுக்கு, நடுப்பாதையில் நிறுத்தினேன். பக்கத்து வாங்கின் ஓரத்தில் நான். அவருக்கு முன்னால் வாத்தியக் குழு, பின்னால் சனம். நிலா என்னைப் பார்த்தாள், பிறகு எங்கள் ஆட்களைப் பார்த்தாள், பிறகு தாளைப் பார்த்தாள்.

தொடங்கியது. எனக்கு இந்த இசை தெரியாது என்பதை ஒளிக்கவில்லை. ஆனால் மனிதன் நடப்பது விளங்கியது. அடித்தொண்டையில் பேசுகிற பெரிய வாத்தியங்கள் சேற்றில் கால் வைத்தன. வயலின்கள் தண்ணீர் மாதிரிக் கரைகளில் இருந்து வந்தன. ஒருவரும் கைதட்டவில்லை. ஒரு பிள்ளைகூட ஓடவில்லை. ஒரே ஒரு இருமல், அதுவும் டேனிஷ் இருமல். பிறகு வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கேர்ஸ்டனின் கை மேலே நின்றது.

மௌனம்.

ஆர்தரின் கை நாற்காலியின் பிடியை இறுக்கியது. அப்போது எனக்குப் பின்னால் பெரிதாக ஒரு சத்தம். பழைய மரவாங்குகள் எல்லாம் சேர்ந்து முனகின. குளிர் அங்கிகள் உரசின. யாருடையதோ சாவிக்கொத்து விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் எழும்பிக்கொண்டிருந்தார்கள்.

போகிறதற்கு இல்லை. நம் சனம் எங்கே கூடினாலும், பிள்ளைகளின் நடனமோ பொங்கல் விழாவோ விளையாட்டுப் போட்டியோ, விளக்கேற்றியதும் அகவணக்கம் நடக்கும். இறந்துபோன எல்லோருக்குமாக ஒரு நிமிடம் எழும்பி, தலை குனிந்து நிற்போம். மௌனம் என்று யாரும் சொன்னால் முழங்கால் தன்பாட்டில் நிமிரும். குணம் அண்ணை முன்வரிசையில் கைகளை முன்னால் கட்டி, தலையைக் குனிந்து நின்றார். அவரைப் பார்த்து எங்கள் வரிசைகள். எங்கள் வரிசைகளைப் பார்த்துப் பின்வரிசை டேனிஷ்காரர். தேவாலயம் முழுவதும் எழும்பிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், நானும் எழும்பிவிட்டேன்.

பின்பக்கத்தைப் பார்க்க முடியாதவர்கள் இரண்டு பேர். கேர்ஸ்டனின் தோள்கள் காதுவரை ஏறின. ஆர்தர் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு அந்தச் சத்தம் தெரியும். ஏற்கனவே ஒருமுறை கேட்ட சத்தம். வாங்குகள் முனகும், அங்கிகள் உரசும், பிறகு கதவு திறக்கும், கோப்பி மணக்கும். பிடியை இறுக்கியிருந்த கை மெல்ல விரிந்து மடியில் விழுந்தது.

காதுக்குள் சொல்லலாம் என்றால், பேசுவதற்கு இடமில்லாத ஒரே நிமிடம் அது. நிலாவைப் பார்த்தேன். வில் மடியில் கிடக்க, சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேர்ஸ்டனைப் பார்த்து, மிகச் சின்னதாகத் தலையை ஆட்டினாள். சனம் போகவில்லை என்று. கேர்ஸ்டனின் தோள்கள் இறங்கின.

நான் குனிந்து நாற்காலியின் தடுப்பைக் காலால் எடுத்தேன். தினமும் செய்கிற வேலை, சத்தமில்லாமல் செய்யத் தெரியும். நாற்காலியை அப்படியே முழுதாகத் திருப்பி, ஆர்தரைச் சனத்துக்கு எதிரே வைத்தேன்.

அவர் கண்ணைத் திறந்தார்.

முன்னால் சேலையும் கோட்டும், பின்னால் நரைத்த தலைகளும் வெள்ளைத் தலைகளும். எல்லோரும் நின்றார்கள். கடைசி வாங்கு வரை ஓர் அசைவில்லை. இரண்டாம் வரிசையில் என்னோடு மீன் பெட்டி கழுவிய ஒருவர் உதடு மட்டும் அசைய நின்றார். அவருடைய தம்பியின் பெயர் எனக்குத் தெரியும். டேனிஷ்காரரும் யாரையாவது நினைத்திருக்கலாம். தலை குனிந்து நின்றால் யாராவது வரத்தான் செய்வார்கள்.

கேர்ஸ்டனின் கை இறங்கியது. இரண்டாம் பாதி தொடங்கியது.

ஆனால் ஒருவரும் திரும்ப வாங்கில் இருக்கவில்லை. எப்படி இருப்பார்கள்? எங்கள் விழாக்களில் யாராவது மைக்கில் நன்றி, அமரலாம் என்று சொன்னால்தான் இருப்பது வழக்கம். சொல்வது குணம் அண்ணை. அவர் அரைக்கண்ணால் மைக்கைத் தேடினார். மைக் இல்லை, பேச்சு இல்லை என்று நான்தானே ஆணையிட்டிருந்தேன். ஆகவே அவர் நின்றார். அவர் நின்றதால் எல்லோரும் நின்றார்கள். மனிதன் மேட்டிலிருந்து இறங்கி நடந்தான். நடந்தான், நடந்துகொண்டே இருந்தான். சனம் இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்குப் பாரத்தை மாற்றி மாற்றி, அவனோடு சேர்ந்து கரைக்குப் போனது. ஆர்தர் வாத்தியக் குழுவுக்கு முதுகைக் காட்டியபடி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

கடைசி வில் எழும்பி நின்றது. முடிந்தது. கைதட்டல் இல்லை. அஞ்சலிக்கு யார் கைதட்டுவார்கள்? பின்னால் டேனிஷ்காரர் முன்வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் யாருக்காகவோ காத்துக்கொண்டு நின்றார்கள். குணம் அண்ணையால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அரை அடி முன்னால் வைத்து, இருபது வருடத் தலைவர் குரலில் சொன்னார்:

"நன்றி. அனைவரும் அமரலாம்."

தேவாலயம் முழுவதும் ஒரே சத்தத்தோடு வாங்குகளில் அமர்ந்தது. இந்த ஊருக்கு நாங்கள் வந்த நாளிலிருந்து டேனிஷ்காரர் தமிழைப் பிழையில்லாமல் விளங்கிக்கொண்டது அன்றுதான். அதற்குப் பிறகுதான் கைதட்டல் வந்தது. அது நிற்க நேரம் எடுத்தது.

5

பிறகு கோப்பி. கேக்கில் வரிசையாகக் குத்திய சின்ன டேனிஷ் கொடிகள், பக்கத்தில் எங்கள் ஆட்கள் கொண்டுவந்த, கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ். ரோல்ஸ் முதலில் முடிந்தது. குணம் அண்ணை காருக்கு ஓடிப்போய்ப் பொன்னாடையோடு வந்தார். நான் தடுக்கவில்லை. ஆர்தர் அதைப் போர்த்துக்கொண்டு மகாராசா மாதிரி இருந்தார்.

கேர்ஸ்டன் வந்து ஆர்தரிடம் குனிந்து கேட்டார், எல்லோரும் எழும்பி நின்றது அவர் முன்பே யோசித்து வைத்ததா என்று.

"ஓம்" என்றார் ஆர்தர், கண் இமைக்காமல். "தொடக்கத்திலயிருந்தே. லண்டன் சனத்துக்கு அது ஏலாமப் போச்சுது."

கேர்ஸ்டன் போனதும் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "இப்பச் சொல்லு. ஏன் எழும்பினவை?"

உள்ளதைச் சொன்னேன். செத்தவர்களுக்காக நிற்கும் பழக்கம், நான் விட்ட சொல், குணம் அண்ணையின் அறிவித்தல், எல்லாவற்றையும்.

"அப்ப அந்த மனிசன் மேட்டில தனிய நிக்கேல்லை" என்றார். பிறகு ரோல்ஸ் கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். அதற்குத்தான் உண்மையாகக் கவலைப்பட்டார்.

நிலா வயலின் பெட்டியோடு வந்தாள். அவள் வாய் திறக்க முன்னமே ஆர்தர் சொன்னார்:

"பிள்ளை, இரண்டாம் பாதி சரியில்லை, என்ன?"

நிலா என்னைப் பார்த்தாள். நான் கேக்கைப் பார்த்தேன்.

"கொஞ்சம் நீளம்" என்றாள் டேனிஷில். "நாங்கள் எல்லாரும் ஒத்திகையிலயே கதைச்சனாங்கள். ஒருத்தருக்கும் உங்களிட்டைச் சொல்லத் துணிவு வரேல்லை."

"நீளமோ? முடியுதேயில்லை! அவன் கரைக்கு வந்திட்டான், பிறகும் நடக்கிறான். வீட்டுக்கு வந்திட்டான், பிறகும் நடக்கிறான். இருபத்தெட்டு வயதில ஆருக்கு எங்க நிப்பாட்டுறதெண்டு தெரியும்?" பொன்னாடை குலுங்கச் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "சிவம், லண்டன் சனம் சரியான இடத்திலதான் கைதட்டியிருக்குது. அறுபது வருசத்துக்கு மேல அவங்களோட கோவம். இதை அறிய ஒருக்காக் கேக்க வேண்டிக் கிடந்துது."

நிலாவும் சிரித்தாள். காரில் வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது, "குணம் மாமா நல்ல இடத்தில சொன்னவர், அப்பா" என்றாள். தமிழில் சொன்னாள். நான் அதைக் கவனித்ததாகக் காட்டவில்லை. காட்டினால் அடுத்த வசனம் டேனிஷுக்குப் போய்விடும்.

திங்கட்கிழமை காலை ஆர்தர் வீட்டுக் கதவைத் திறந்தபோது அவர் ஏற்கனவே மேசையில் இருந்தார். இரவு உடுப்பு, அதற்கு மேல் பொன்னாடை. முன்னால் 'உப்புப் பாதை' விரிந்து கிடந்தது. பென்சிலால் பக்கம் பக்கமாகக் குறுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தை முழுதாக வெட்டும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. குளிக்க வாங்கோ என்றேன். நேரமில்லை என்றார். கஞ்சி? நேரமில்லை. காலுறை? காலை மட்டும் மேசைக்குக் கீழே நீட்டினார்.

முழந்தாளிட்டு இருந்து காலுறையைப் போட்டுக்கொண்டிருந்தேன். மேலே பென்சில் சத்தம்.

"சிவம், இதுக்குப் புது இரண்டாம் பாதி எழுத வேணும். கட்டையா, நல்லதா ஒண்டு. நாள் எடுக்கும். உன்ர ஆக்கள் எவ்வளவு நேரம் நிப்பினம்?"

"குணம் அண்ணை அமரலாம் எண்டு சொல்லுமட்டும் நிப்பினம்."

பென்சில் கொஞ்சம் நின்றது.

"அப்ப உன்ர குணம் அண்ணையிட்டைச் சொல்லிவை, நான் எழுதி முடிக்குமட்டும் வாயைத் திறக்கவேண்டாமெண்டு."